வெறும் அடுப்பு எரிந்த தெரு

அந்தத் தெருவில் வெறும் அடுப்பை எரிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கேட்டால் அவளே மறுக்கமாட்டாள். மேலே பாத்திரம் கிடையாது, பாத்திரத்தில் உலை கிடையாது, ஆனாலும் சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு ஒரு குட்டி அடுப்பு எரிந்தது. விறகை மிச்சப்படுத்துகிறோம் என்று காட்டுவதற்காக விறகை எரித்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்வீர்கள். சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்னால் அதற்குப் பெயர் திட்டம்.

திட்டம் வந்த கதை இதுதான். கடலுக்கு அந்தப் பக்கம் விமானம் விடுகிற கம்பெனி ஒன்று வானம் முழுக்கப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பாவம் கழிய, உலகத்தில் வேறு எங்கேயாவது யாராவது புகையைக் குறைக்க வேண்டும். குறைத்தவர்களிடம் அந்தப் புண்ணியத்தை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். புண்ணியத்தை வாங்கி விற்க நடுவில் ஒரு நிறுவனம் முளைத்தது. அந்த நிறுவனம் தேடிப் பிடித்த பாவிகள், செங்கல் சூளைக்குப் பின்னால் தகரக் கூரை வீடுகளில் மூன்று கல்லைக் கூட்டி விறகில் சமைத்துக்கொண்டிருந்த இந்தத் தெருப் பெண்கள். விமானத்தில் ஏறுவது இருக்கட்டும், அதைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

அவளுக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். பள்ளிப் படிப்பை முடித்தவள், செல்போனில் எதையும் சட்டென்று கற்றுக்கொள்வாள், தெருவில் எல்லா வீட்டிலும் உள்ளே போய் உட்காருகிற உரிமை உள்ளவள். கழுத்தில் மாட்டிய அட்டையில் 'கள அலுவலர்' என்று இருந்தது. தெரு அதை ஒரே நாளில் திருத்தி 'அடுப்பக்கா' என்று ஆக்கிவிட்டது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருவதைவிட வருகிறேன் என்று போன் செய்வதுதான் அதிகம். வீட்டில் அவளும் நாத்தனாரும்தான்.

அடுப்பு ஒரு வாளி உயரம் இருந்தது. உள்ளே மண், வெளியே தகரம், கீழே காற்றுப் போக ஓட்டை. விறகை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினார்கள். புகை குறைவுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் சொம்புதான் நிற்கும். வீட்டுப் பானையை வைத்தால் சரிந்தது.

"இதுல என் வீட்டுக்காரருக்கு முகம் மழிக்க வெந்நி வேணா காயும். ஏழு பேருக்கு இதுல எங்கிட்டுப் பொங்குறது?" என்று அந்தத் தெருத் தையல்காரி எழுந்து கேட்டாள். பந்தலே சிரித்தது.

ஆனாலும் சும்மா கொடுத்த பொருளை யார் வேண்டாம் என்பார்கள்? எல்லாரும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் அதன்மேல் தண்ணீர்க் குடம் உட்கார்ந்தது. ஒரு வீட்டில் கோழி அடைகாத்தது. தையல்காரி அதில் துணித் துண்டுகளைப் போட்டுவைத்தாள்.

இந்தச் செய்தியெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஏனென்றால் ஒவ்வொரு அடுப்பின் விலாவிலும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அடுப்பு சூடானால் அதில் பச்சை விளக்கு எரியும். எந்த வீட்டில் எத்தனை நேரம் அடுப்பு எரிந்தது என்று அது தானாகவே தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். தெரு அதற்கு மூக்கு என்று பெயர் வைத்தது. "அடுத்த வீட்டு அடுப்புல மூக்கை நுழைக்கறதுக்கு மெஷின் எதுக்கு? அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்று அதற்கும் தையல்காரி ஒன்று சொன்னாள்.

மூக்குகள் எல்லாம் செத்துக் கிடந்தன. நிறுவனத்தின் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாக இருந்தது. வட்டார மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். சின்ன வயது, மரியாதையான பேச்சு, 'பசுமை' என்ற சொல் இல்லாமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாதவன். தெரு அவனுக்குப் பசுமை சார் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்படியே சிவப்பா இருந்தா இந்த ஏரியாவை மூடிடச் சொல்றாங்க. அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை" என்றான்.

அவள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். அக்கா, சித்தி, மதினி என்று முறை சொல்லிக் கூப்பிட்டுக் காலைப் பிடிக்காத குறை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வழி காட்டியது தையல்காரி வீட்டுத் துணிதான். யாரோ அணையாத பீடியை அதில் எறிய, துண்டுத் துணியெல்லாம் பற்றி எரிந்தது. தண்ணீரோடு ஓடி வந்தவர்கள், மூக்கில் பச்சை விளக்கு ஜோராக எரிவதைப் பார்த்தார்கள். தையல்காரி இடுப்பில் கை வைத்து, "ஏன் அடுப்பக்கா, இதுக்குச் சூடுதான வேணும்? சோறா கேக்குது?" என்றாள்.

அவளுக்கு அந்த நேரத்தில் அது வேடிக்கையாகப் படவில்லை, சாமி வந்து சொன்ன மாதிரி இருந்தது. மறுநாளே முறை ஏற்பட்டுவிட்டது. சமையல் அதன்பாட்டுக்குப் பெரிய அடுப்பில். சாயங்காலம் கொஞ்ச நேரம் குட்டி அடுப்பில் நாலு குச்சி. பச்சை விளக்கு எரிகிற வீட்டுக்கு மாதம் ஒரு சோப்பு என்று பசுமை சாரிடம் பேசி வாங்கினாள். சோப்பு வந்ததும் தெரு திட்டத்தைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பெண்கள் ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றுப் பக்கம் போய் முன்பு ஒரு கட்டு வெட்டிய இடத்தில் ஒன்றரைக் கட்டு வெட்டினார்கள். வரைபடத்தில் தெரு பச்சையாயிற்று. கரடு மொட்டையாயிற்று. அலுவலகத்தில் கேக் வெட்டி அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அவள் முதலில் கொளுத்திய வெறும் அடுப்பு அவள் வீட்டு அடுப்பு. நாத்தனார் பெரிய அடுப்பு முன்னால் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே அதை வைத்துத்தான் கொளுத்தினாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

நாத்தனார் புருஷனுக்குத் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் திரும்பி வந்தவள். வந்த மறு வாரமே, சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று சூளை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டாள். அண்டா என்றால் அண்டா, ஒரு ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம். அதை ஏற்றுவதற்கு வீட்டின் பின்பக்கச் சார்ப்புக் கூரைக்கு அடியில் பெரிய கற்கள் போட்ட அடுப்பு. காலையில் தீ மூட்டினால் மதியம் வரைக்கும் அந்தப் புகைக்குள்தான் இருப்பாள். முதலில் இருமல் வந்தது. அப்புறம் இருமல் போகவே இல்லை. அப்புறம் குடம் தூக்கி நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, நாத்தனாரை வெளியே உட்காரச் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"

"நாத்தனார் டாக்டர்."

"பீடி சிகரெட் பிடிக்கிறவங்க நெஞ்சு கூட இவ்வளவு மோசமா இருக்காது. மருந்து தரேன். ஆனா புகைக்குள்ள உக்காந்துகிட்டு மருந்து சாப்பிட்டா பிரயோஜனம் கிடையாது. கேஸ் அடுப்புக்கு மாத்துங்க. இன்னொரு மழைக்காலம் இதே மாதிரி போச்சுன்னா எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

வீட்டுக்கு வரும் வழியில், டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று நாத்தனார் கேட்டாள். "சத்து இல்லையாம்" என்றாள் அவள். நாத்தனார் நம்பவில்லை, ஆனால் நம்பியது போல் தலையாட்டினாள்.

நல்ல வேளையாக, அரசாங்கமே அப்போது கேஸ் திட்டம் கொண்டுவந்தது. விறகில் சமைக்கிற தெருக்களுக்கெல்லாம் இணைப்பும் அடுப்பும் இலவசம், சிலிண்டர் பாதி விலை. சாப்பாட்டுக்கடை போல் சமைக்கிறவர்களுக்குப் பெரிய பர்னர். கேள்விப்பட்ட அன்று அவள் பேருந்தில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தாள். விறகில் சமைக்கிற தெரு என்றால் தன் தெருவைவிட வேறு எது?

வழங்கல் அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் இருந்தாள். எரிந்து விழாத அம்மாள். தெருவின் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள், முகம் மலர்ந்தது.

"அட, உங்க தெருவா? நீங்கதான் எப்பவோ முன்னேறிட்டீங்களேம்மா! புகையில்லாப் பகுதின்னு போட்டிருக்கு. பாருங்க, எவ்வளவு பச்சை!"

திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதே வரைபடம். அலுவலகத்தில் கேக் வெட்டியபோது சுவரில் ஒட்டியிருந்த அதே படம். நிறுவனம் அதை அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு உதவி எதற்கு என்று அரசாங்கம், பச்சையாக இருந்த தெருக்களையெல்லாம் கேஸ் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

"மேடம், அதெல்லாம் இல்ல மேடம். எங்க தெருவுல எல்லாரும் விறகுலதான் பொங்குறோம். நீங்க ஒரு நடை வந்து பாருங்க."

"நான் எப்படிம்மா வர முடியும்? எங்களுக்கு இந்தப் படம்தான். ஒண்ணு பண்ணலாம். இந்த மாசக் கடைசியில படத்தைப் புதுசா எடுத்து மேலே அனுப்புவோம். அப்ப உங்க தெரு சிவப்பா இருந்தா தானாவே திட்டத்துக்குள்ள வந்துடும். அதை விட்டா அடுத்த கட்டம், எந்தக் காலமோ தெரியாது."

அவள் நேரே பசுமை சாரிடம் போனாள். உட்காரக்கூட இல்லை. வெறும் அடுப்பு, சோப்பு, மொட்டைக் கரடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் அதிர்ச்சியில் எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கடைசி வாய் குடித்துவிட்டு வைத்தான்.

"அக்கா, எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? பாத்திரம் வெச்சா சூடு மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். வெறும் அடுப்பு குபுக்குன்னு ஏறி குபுக்குன்னு எறங்கும். இங்க திரையில கோடு போட்டே காட்டுதே."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"உங்க தெரு மட்டும்னா கேட்டிருப்போம். எல்லா ஊர்லயும் இதேதான். வாங்குறவனுக்குப் பச்சை வேணும், அரசாங்கத்துக்குப் பச்சை வேணும், நமக்கும் பசுமைதான். இதுல யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க?"

"என் நாத்தனாருக்கு நஷ்டம்."

அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம். "நான் மேலே எழுதுறேன் அக்கா. ஆனா மாசாமாசம் சரி பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க" என்றான். அவள் கேடயம் வாங்கிய படம் அவன் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதில் அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். படம் சிவப்பாக வேண்டும், அவ்வளவுதானே? பச்சையாக்கத் தெரிந்தவளுக்குச் சிவப்பாக்கத் தெரியாதா? வேலை போகும், போகட்டும். உயிரை விடவா வேலை? புருஷனிடம் சொன்னால் லாரியை நிறுத்திவிட்டுக் கத்துவான், சொல்ல வேண்டாம்.

அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். "நாளைலேர்ந்து குட்டி அடுப்பை யாரும் தொடாதீங்க. மாசக் கடைசி வரைக்கும் மூக்குக்குச் சூடே காட்டக் கூடாது. சிவப்பாயிட்டா நம்ம தெருவுக்குக் கேஸ் வந்துடும்."

"சோப்பு?" என்று ஒரு கிழவர் கேட்டார். அவர் மருமகள் அவரை முறைத்தாள்.

"உன் வேலை?" என்று கேட்டவள் தையல்காரி ஒருத்திதான்.

"வேற பார்த்துக்கலாம்."

தையல்காரிக்கு அன்று கேலி வரவில்லை. சரி என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். ராத்திரி சாப்பிடும்போது நாத்தனாரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு வேலை இல்லன்னா என் மருந்து?" என்றாள். "கேஸ் வந்துட்டா மருந்தே வேணாம்டி" என்று இவள் சிரித்துப் பேசினாள். நாத்தனார் எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் தெருவில் குட்டி அடுப்பு எரியவில்லை. அவள் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தாள். சில வீட்டில் குடம் மறுபடி அடுப்பின்மேல் ஏறியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அலுவலகத்திலிருந்து எந்த நேரமும் போன் வரும், வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். போன் வரவில்லை. பயந்துபோய் மேலே என்ன சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசி நாள் காலையில் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வழங்கல் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலில் அதே அம்மாள். இவளை ஞாபகம் வைத்திருந்தாள்.

"என்னம்மா, எல்லாரும் விறகுலதான் பொங்குறோம்னு சொல்லிட்டுப் போனீங்க? முன்னைக்கு இப்ப இன்னும் பச்சையாயிருக்கு. முன்னாடி சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் எரியும். இப்ப தினமும் காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் ஒரே எரியா எரியுது. இப்பத்தான் படத்தை மேலே அனுப்பினேன்."

அவள் ஜன்னலை விட்டு விலகினாள். வெளியே வந்ததும் வாய் திறந்தது. பசுமை சாரை, அவனைப் பெற்றவர்களை, விமானம் விடுகிறவனை, அடுப்பைக் கண்டுபிடித்தவனை, ஒருத்தரையும் விடாமல் திட்டிக்கொண்டே நடந்தாள். கணினியில் கள்ளப் படம் போட்டுவிட்டான் பாவி. அவன் சட்டையைப் பிடிக்காமல் விடுவதில்லை. ஆனால் கையில் ஒரு சாட்சி வேண்டும். வீட்டு மூக்கைக் கழற்றிக்கொண்டு போய் அவன் மேஜையில் வைத்து, இது எப்போதாவது சூடாயிற்றா, நீயே பார் என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

மதியம் ஆகவில்லை. பின்பக்கச் சார்ப்பிலிருந்து புகை தெரு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் குட்டி அடுப்பு மூலையில் கிடந்தது. அதன் விலாவில் மூக்கு இல்லை. ஒரு திருகைத் திருகினால் கையோடு வந்துவிடுகிற சாமான் அது. பேட்டரி மாற்றுவதற்காக அவளே எல்லா வீட்டிலும் கழற்றி மாட்டிக் காட்டியிருக்கிறாள்.

பின்பக்கம் போனாள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, பெரிய அடுப்பைச் சுற்றி, செங்கல்லை அடுக்கி அதன்மேல் வரிசையாக மூக்குகள். அவள் வீட்டு மூக்கு, தையல்காரி வீட்டு மூக்கு, கிழவர் வீட்டு மூக்கு, தெருவில் உள்ள அத்தனை வீட்டு மூக்கும். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது. நடுவில், சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, நாத்தனார் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம்டி பண்ணியிருக்க?"

நாத்தனார் திடுக்கிட்டாள். அப்புறம் தலைப்பை அவிழ்த்தாள். பேச வாயெடுத்தாள், மூச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பேசினாள்.

"எல்லார்கிட்டயும் நான்தான் போய்க் கேட்டு வாங்கினேன் அண்ணி. நீ வேலைக்குப் போனதும் கொண்டாந்து குடுத்துட்டு, நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவாங்க. அவங்க மேல கோவிச்சுக்காத. யாரும் தனியாக் கொளுத்த வேணாம், விறகும் வீணாகாது. எப்படியும் இது எரியத்தானே போவுது."

"கேஸ் வரும்னு சொன்னேனேடி! உனக்காகத்தானே சொன்னேன்!"

"வரும்னு தண்ணிக் குழாய்க்குங்கூடத்தான் சொன்னாங்க. அண்ணன் லாரிக்குக் கடன் தரோம்னுங்கூடத்தான் சொன்னாங்க. எது வந்துச்சு? உன் சம்பளம்தான் ஒழுங்கா வருது. அதை என்னால கெடுத்துக்கிட்டு நீ நாளைக்குத் தெருவுல நிக்கணுமா? டாக்டரம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி. என் நெஞ்சு என்னுதுதானே."

அவளுக்கு ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இத்தனை நாளும் வேறு யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது. சூடு மட்டும் இருந்தால் போதும் என்று இந்தத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாத்தனார் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆசிரியையைவிட நன்றாக.

"அண்ணி, அண்டாவை ஒரு பக்கம் பிடி. ஆளுங்க வர்ற நேரம். என்னால தூக்க முடியல" என்றாள் நாத்தனார்.

நல்ல சேலையோடேயே குனிந்து பிடித்தாள். இரண்டு பேரும் அண்டாவை இறக்கிவைத்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகையாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அப்போதுதான் போன் வந்தது. பசுமை சார். அவன் குரல் துள்ளியது. திட்டம் நடக்கிற ஊர்கள் அத்தனையிலும் அவள் தெருதான் முதலாம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வருகிறார்களாம். நாத்தனாரைப் பற்றி மேலே எழுத நினைத்தானாம், இந்த நேரத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டானாம். சரி சார், சரி சார் என்று சொல்லி வைத்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டாள் நாத்தனார்.

"நம்ம தெருவுல புகையே இல்லையாம்."

நாத்தனார் சிரிக்க வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அது நிற்கிற வரைக்கும் இவள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். நிற்க நெடுநேரம் ஆயிற்று.